மாதாவுக்குக் கொடுத்த முடி

படித்தவர்கள் எழுதும் இடத்தில் நான் எழுத வருவது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரியும். பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் கூடியிருந்தால் வாய் திறக்கவும் கூச்சப்படுகிறவள். ஆனால் சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இங்கே மொன்றியலில், எங்கள் கோயில் மண்டபத்தில் என்னைப் பற்றிய ஒரு கதையைக் கேட்டுப் பெண்கள் கண் கலங்கியதைப் பார்த்த பிறகு, அது நடந்த விதத்தை ஒருமுறையாவது நேராகச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. வாயால் சொல்ல வராது என்பதால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேகாத அரிசி பல்லில் நறுக்கென்று கடிபடுவதில்தான் எனக்கு அந்த ஊரின் நினைவு தொடங்குகிறது. தென் அமெரிக்காவில், எக்குவடோர் நாட்டின் கீத்தோ நகரம். மலைகளுக்கு நடுவே மேகம் யன்னலில் வந்து உரசும் உயரத்தில் இருக்கிற ஊர் என்பதால், அங்கே தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும். ஆனால் அந்தக் கொதியில் சோறு சரியாக வேகாது, பருப்போ எவ்வளவு நேரம் அவித்தாலும் கல்லாகவே கிடக்கும். இது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. சந்தைக்காரி பழைய பருப்பைத் தந்து ஏமாற்றிவிட்டாள் என்று நினைத்து, அவித்த பருப்பைக் கிண்ணத்தோடு எடுத்துக்கொண்டு அம்மா சந்தைக்குத் திரும்பிப் போவார். தமிழிலேயே சண்டை பிடிப்பார். அவள் சிரித்துக்கொண்டு "காசெரீத்தா, காசெரீத்தா" என்று, வாடிக்கைக்காரரை அங்கே செல்லமாகக் கூப்பிடும் சொல்லால் கூப்பிட்டு, இரண்டு உருளைக்கிழங்கைச் சும்மா பையில் போட்டு அனுப்புவாள். "பார், களவு பிடிபட்டவுடன கிழங்கைத் தந்து வாயை அடைக்கிறாள்" என்று சொல்லிக்கொண்டே அம்மா படியேறுவார்.

எனக்கு அப்போது பத்து வயது. அப்பா முன்னதாகவே மொன்றியலுக்கு வந்து, அகதி வழக்கு முடியாமல் அங்கே லாசால் பகுதியில் ஓர் அறையில் இருந்தார். காசு வாங்கிக்கொண்டு அம்மாவையும் என்னையும் இலங்கையிலிருந்து கூட்டிவந்த "ஏஜென்சி" கீத்தோவில் இரண்டு கிழமை நின்றால் போதும், அடுத்தது கனடா என்று சொல்லித்தான் இறக்கிவிட்டார். அந்த இரண்டு கிழமை ஒரு வருடத்துக்கு மேல் இழுபட்டது. மூன்றாம் மாடியில் இரண்டு அறைகள், சமைக்க ஒரு குசினி. ஓர் அறையில் நாங்கள். மற்றதில் மன்னாரைச் சேர்ந்த அந்தோனி மாமாவும் றீற்றா மாமியும். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மாமா சாப்பிடும்போது முதல் கவளத்தை எனக்குத்தான் தருவார். கீழ் வீட்டில் வீட்டுக்காரி, தோன்யா மெர்செடெஸ் என்ற கிழவி.

காலையில் வெயில் தலையைச் சுடும், மத்தியானம் ஆலங்கட்டி மழை பெய்யும், பின்னேரம் கம்பளிக்குள் நடுங்குவோம். பெரியவர்கள் பொலிசுக்குப் பயந்து அதிகம் வெளியே போவதில்லை. தெருவில் விளையாடியதில் எனக்கு மட்டும் ஸ்பானிஷ் வந்துவிட்டது. சந்தையில் விலை பேசுவது, காஸ் லொறிக்காரரை மறிப்பது, வீட்டுக்காரிக்குச் சமாதானம் சொல்வது எல்லாம் நான்தான். "இவள் இல்லாட்டி நாங்கள் எல்லாரும் ஊமையள்" என்று மாமா பெருமையாகச் சொல்வார். அந்த வீட்டில் நாலு பேருக்கும் சேர்த்து எனக்கு ஒரு வாய் இருந்தது.

என் முடி அப்போது இடுப்புக்குக் கீழே தொங்கும். ஒருநாள் படியில் வைத்து அம்மா எனக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்தபோது, தோன்யா மெர்செடெஸ் அதைத் தொட்டுப் பார்த்து, இங்கே பெண்கள் வேண்டுதல் வைத்து முடியைக் கோயிலுக்குக் கொடுப்பார்கள், அதில் மாதாவின் சிலைக்கு, நாங்கள் சுரூபம் என்போமே அதற்கு, தலைமுடி செய்து வைப்பார்கள் என்றாள். அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னது நான்தான். அம்மா சீப்பில் சிக்கியிருந்த முடியை எடுத்துக்கொண்டிருந்தார்.

சில நாள் கழித்து அம்மா என்னைப் பக்கத்தில் இருத்தினார்.

"மாதாவுக்கு நேர்த்தி வைச்சிருக்கிறன் பிள்ளை. உன்ர முடியைக் குடுத்தால் நாங்கள் ரண்டு பேரும் சேர்ந்து அப்பாட்டைப் போயிடுவம்."

"முழுக்கவோ?"

"முழுக்கத்தான். மாதாவிட்டைப் பேரம் பேசுறதோ?"

"அப்ப சுரூபத்துக்கு என்ர முடியைத்தான் வைப்பினமோ?"

"ஓம், ஓம். உன்ரதுதான்."

அன்று பின்னேரமே கோயிலுக்கு ஓடிப்போய் அந்த மாதாவை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றேன். என் முடி அவவின் தோளில் எங்கே வரை விழும் என்று யோசித்தேன். பெருமையாக இருந்தது. நான் ஒரு காரியம் செய்து எங்கள் இரண்டு பேரையும் கனடாவுக்குக் கொண்டுபோகப் போகிறேன் என்று நம்பினேன்.

அம்மாவும் மாமாவும் என்னை ஆண்கள் முடி வெட்டும் கடைக்குக் கூட்டிப்போனார்கள். கடைக்காரர், இவ்வளவு முடியையும் வெட்டவா, நிச்சயமாகவா என்று என்னிடமே இரண்டு முறை கேட்டார். எவ்வளவு கட்டையாக வெட்டுவது என்றும் கேட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன்.

"காதுக்கு மேல, பின்னுக்கு நல்லா ஒட்ட. பொடியங்களுக்கு வெட்டுறமாதிரிச் சொல்லு."

"நேர்த்தியெண்டால் மொட்டையெல்லோ அம்மா?"

"இந்தக் குளிருக்கு மொட்டை அடிச்சால் சளி பிடிக்கும்."

என் வாயாலேயே அதை அவருக்குச் சொன்னேன். அவர் பின்னலை நூலால் கட்டி, ஒரே வெட்டில் எடுத்து, கண்ணாடிக்குக் கீழே இருந்த தட்டில் வைத்தார். கோயிலுக்கு இப்போதே கொண்டுபோவோமா என்று கேட்டேன். "பேந்து வந்து எடுத்து நான் குடுக்கிறன், நீ நட" என்றார் அம்மா.

வீட்டுக்கு வந்தபோது கட்டிலில் ஒரு காற்சட்டையும் கோடு போட்ட சேட்டும் விரித்து வைக்கப்பட்டிருந்தன.

"வாடா தம்பி!" என்றார் மாமா. "இண்டையிலயிருந்து நான்தான் அப்பா, இவ அம்மா. உன்ர பேர் நிரோஷன். எங்க, பேரைச் சொல்லு பாப்பம்?"

பகிடி என்று நினைத்து நானும் சிரித்தேன். றீற்றா மாமி சிரிக்கவில்லை. "அக்கா இன்னும் இவளுக்குச் சொல்லேல்லையோ?" என்று குசினிப் பக்கம் பார்த்துக் கேட்டார். அம்மா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அரிசி கழுவிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

மாமிதான் சொன்னார். ஏஜென்சியிடம் இருந்தது ஒரு கணவன், மனைவி, பத்து வயது மகன் ஆகிய மூன்று பேருக்கான பாஸ்போர்ட். பெண்பிள்ளைக்கு அதில் இடமில்லை, அம்மாவுக்கும் இடமில்லை. இது எல்லோருக்கும் பல நாட்களாகத் தெரிந்திருந்தது. அந்த நாட்டுப் பாஷையில் எல்லோருக்குமாகப் பேசிக்கொண்டிருந்த எனக்கு, பக்கத்து அறையில் தமிழில் என்ன பேசினார்கள் என்பது தெரியாமல் போய்விட்டது.

நான் குசினிக்குப் போய், "அப்ப நேர்த்தி?" என்று கேட்டேன்.

"நீ முதல் போய்ச் சேர். நான் பின்னால வாறன்" என்றார் அம்மா. அரிசித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, நிரோஷனாக நான் விமானம் ஏறினேன். மொன்றியலில் அப்பா என்னைத் தாண்டிப் பின்னால் எட்டிப் பார்த்து, "என்ர பிள்ளை எங்க?" என்று மாமாவிடம் கேட்டார். அம்மா வந்து சேர்ந்தபோது இன்னும் இரண்டு பனிக்காலம் முடிந்திருந்தது. முடி மறுபடி தோளுக்கு வந்திருந்தது. தலை இழுத்துவிட அம்மா கை நீட்டினார். நானே இழுப்பேன் என்று சொல்லிவிட்டேன்.

அப்பா இப்போது இல்லை. அம்மா என்னோடுதான் இருக்கிறார். சென்ற மாதம் அந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர் குடிக்கும்போது, புதிதாக வந்த ஒரு பெண், மகளை மன்னாரில் விட்டுவிட்டு வந்ததைச் சொல்லி அழுதாள். அம்மா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"அழாதையும் பிள்ளை. இவள் பத்து வயசில இடுப்பளவு முடியைத் தானே விரும்பி மாதாவுக்குக் குடுத்தவள். அந்த நேர்த்தியாலதான் நாங்கள் எல்லாரும் வந்து சேர்ந்தனாங்கள். உம்மட பிள்ளையும் வருவா."

சுற்றி இருந்தவர்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அந்தப் பெண் என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் சிரித்து வைத்தேன்.

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றுமுன் கேட்டேன்.

"அம்மா, அண்டைக்கு வெட்டின முடியைக் கோயிலுக்குக் குடுத்தனீங்களோ?"

அம்மா குனிந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். "அதோ... நீ போன கவலையில நான் அந்தப் பக்கம் போகேல்லை. பேந்து மறந்துபோனன்."

"அப்ப ஏன் அந்தப் பிள்ளைக்கு அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"பாவம், அவளுக்கு ஒரு ஆறுதல்."

"எனக்குச் சொன்னதும் அப்பிடித்தானோ?"

அம்மா நிமிர்ந்தார். "உண்மையைச் சொல்லியிருந்தால் நீ என்னை விட்டிட்டுப் போயிருப்பியோ?"

"போயிருக்க மாட்டன்."

"பார்!" என்றார், வழக்கில் வென்றவரைப் போல. கேத்தலை அடுப்பில் வைக்கப் போய்விட்டார்.

அம்மா செய்தது சரி என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் பிள்ளை பெற்றவள், எனக்கும் தெரியும். ஆனால் மற்றதெல்லாம் பொய்யானாலும் அந்த முடியாவது சுரூபத்தின் தலையில் இருக்கிறது என்று இத்தனை வருடம் நம்பியிருந்தேன். பிள்ளை நம்பிக் கொடுத்த பொருளை எடுத்துக் கொடுக்க ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

எங்கள் தெரு முனையிலுள்ள தெப்பனரில், பால் வாங்கப் போகும் அந்தச் சின்னக் கடையில், இப்போது ஓர் எக்குவடோர் பெண் வேலை செய்கிறாள். அவள் தொலைபேசியில் கதைப்பதில் உருளைக்கிழங்கு, மழை, நாளைக்கு என்று இரண்டொரு சொல்தான் எனக்குப் பிடிபடுகிறது. மற்றதெல்லாம் போய்விட்டது. சந்தையில் நின்று நாலு பேருக்காகப் பேரம் பேசிய அந்த வாயும் போய்விட்டது. அவளிடம் "பொன்சூர்", "மெர்சி" என்று பிரெஞ்சில் மட்டும் சொல்லிவிட்டு வருகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் அம்மாவைக் கண் வைத்தியரிடம் கூட்டிப்போக வேண்டியிருந்தது. பஸ்ஸில் அம்மா தன் கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு பக்கத்து இருக்கையை எனக்காக விட்டார். நான் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே போனேன்.