கப்பல் நெட் மேனேஜர் பேசுறாரு

“வணக்கம், கப்பல் நெட். கொஞ்சம் லைன்லயே இருங்க, டெக்னிக்கல் செக்‌ஷனுக்குக் குடுக்குறேன்”னு பொம்பளைக் குரல்ல கொஞ்சிட்டு, அத்தாவுல்லா பாய் போனை மேஜை மேல வைக்கிறாரு. பேனாவால டீ கிளாஸை டிங் டிங்குன்னு தட்டுறாரு. அது மியூசிக். அப்புறம் மூக்கை ரெண்டு விரலால பிடிச்சுக்கிட்டு, “யெஸ், டெக்னிக்கல். மோடம் டப்பால பச்சை லைட்டா, செவப்பு லைட்டா?” ரெண்டுமே எரியலன்னா கேஸ் பெரிசு. அப்ப தாடையை நெஞ்சுல அழுத்தி, கெணத்துக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி ஒரு குரல்: “மேனேஜர் ஸ்பீக்கிங்.”

மூணும் அவர்தான். கடைசியா ஏணியத் தூக்கிட்டு வர்றதும் அவர்தான்.

தண்டையார்பேட்டைல என் மொபைல் கவர் கடைக்கும் அவர் ஆபீஸுக்கும் நடுவுல ஒரு பிளைவுட் பலகைதான். அதனால கப்பல் நெட்டோட எல்லா ஊழியர்களையும் எனக்கு நல்லாத் தெரியும். அந்த லேடிக்குப் பொறுமை ஜாஸ்தி. டெக்னிக்கலுக்கு எப்பவும் சளி. மேனேஜர் மட்டும் ஆளு நல்லவரு, ஆனா ஒரு போன்லயும் பிரச்சினை தீராது.

ஒரு தடவை ஆறுமுகநயினார்னு ஒரு கஸ்டமர், ஹார்பர்ல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவரு, மேனேஜர்கிட்ட கொதிச்சுட்டாரு. “அந்த மூக்கால பேசுறவன் சுத்த வேஸ்ட்டு சார். மொதல்ல அவனத் தூக்குங்க.” மேனேஜர் கொஞ்ச நேரம் யோசிச்சாரு. “மெமோ குடுத்துட்டோம் சார். இன்னியோட அனுப்பிடுறோம்.” சொன்ன சொல்லு சொல்லுதான். மறுநாள்லேர்ந்து டெக்னிக்கல்ல புது ஆளு, லேசா மலையாளம் கலந்து பேசுவாரு. பழைய ஆளு எங்க பாய்னு கேட்டேன். “பாவம்ப்பா, புள்ளகுட்டிக்காரன்”னாரு, முகத்துல ஒரு சிரிப்பு இல்லாம.

அவர் வீட்டம்மா ரஹீமுன்னிசா மதியம் சாப்பாடு கொண்டு வருவாங்க. கேரியரைத் தொபுக்குன்னு வைப்பாங்க. “ஊர்ல கீறவன்கிட்டல்லாம் கொஞ்சிக் கொஞ்சிப் பேசுறாளே, அந்தப் பொண்ண வூட்டாண்ட ஒரு நாள் இட்டுகினு வா. நானும் இன்னா, ஏதுன்னு விசாரிக்கிறேன்.” பாய் சோத்தைப் பிசைவாரு.

வாடிக்கையா வர்ற இன்னொரு சங்கடம் கன்டெய்னர் லாரி. குறுக்கால தொங்குற கேபிளைத் தலையில மாட்டிக்கிட்டு, மாலை போட்ட மாப்பிள்ளை மாதிரி அது பாட்டுக்கு எண்ணூர் ரோட்டுல போவும். பின்னாடியே பாய் ஓடுவாரு. “நைனா, நம்ம ஒயரு... நைனா...” அப்ப மட்டும் சொந்தக் குரல். அது ரொம்பச் சின்னது. லாரிக்குக் கேக்காது.

இப்படிப்பட்ட ஆளு திடீர்னு தேர்தல்ல நின்னாரு. எம்.எல்.ஏ. தேர்தல் இல்ல, எக்ஸ்சேஞ்ச் தேர்தல். ராயபுரத்துலேர்ந்து எர்ணாவூர் வரைக்கும் சின்னச் சின்னதா நெட் கனெக்‌ஷன் குடுக்குறவங்க எல்லாம் சேர்ந்து, ஒரு ரூம் பிடிச்சு, ஒரு பெட்டி வாங்கி வச்சிருக்காங்க, அதுதான் எக்ஸ்சேஞ்ச். எல்லார் லைனும் அந்தப் பெட்டில வந்து கைகுலுக்கிக்கும். எதுக்குன்னு கேட்டா பாய் வகுப்பே எடுப்பாரு. “எர்ணாவூர் பையன் தண்டையார்பேட்டை பையனுக்கு ஒரு போட்டா அனுப்புறான். அது இன்னாத்துக்குப்பா பாம்பே போயி, வடாபாவ் துன்னுட்டு, திரும்பி வரணும்? இங்கயே குட்துட்டுப் போயிகினே இரு.” பெட்டிக்கு முதலாளி கிடையாது, மெம்பருங்கதான். அவங்களே ஓட்டுப் போட்டு போர்டைத் தேர்ந்தெடுப்பாங்க. பத்து வூட்டுக்கு லைன் குடுத்தாலும் பத்து தெருவுக்குக் குடுத்தாலும் ஒரு மெம்பருக்கு ஒரே ஓட்டு.

இந்த வருஷம் போர்டுல ஒரு எடம் காலி. எதிர்ல நின்னவரு எர்ணாவூர் ராசையா. சம்பளம் கிடையாது, மாசம் ஒரு மீட்டிங், டீ, சமோசா. இதுக்கா பாய் தூக்கம் கெட்டு அலையறீங்கன்னேன். கேபிள் சுத்திக்கிட்டிருந்தவரு கையை நிறுத்தினாரு.

“மேனேஜரு, டெக்னிக்கலு, எல்லாப் பதவியும் எனக்கு நானே குட்துகினதுப்பா. வேற எவனாச்சும் குட்தான்னு ஒண்ணே ஒண்ணு வேணும். ஒண்ணு போதும்.”

அன்னிக்கு சாயந்தரம் வேட்பாளர் பேச்சு, வீடியோ மீட்டிங்ல. அது முடிஞ்சதும் போன்லயே ஓட்டு. பாய்க்கு முகத்துல வெளிச்சம் பத்தலன்னு என்னை டார்ச் அடிக்கச் சொல்லிட்டாரு. ராசையா மொதல்ல பேசினாரு: பெட்டி ரூமுக்கு இன்னொரு ஏசி, வருஷத்துக்கு ஒரு பிரியாணி. அடுத்து நம்ம ஆளு.

“கப்பல் நெட்ல தனித்தனி டிபார்ட்மென்ட் கீது. பெரிய டீமு. அந்த அனுபவத்த அப்டியே போர்டாண்ட தூக்கினு வர்றேன்...”

இன்னொரு போன் அடிச்சுது. பாய் ரொம்ப நாசூக்கா, “ஒன் மினிட்”னு சொல்லிட்டு லேப்டாப்ல ஒரு பட்டனை அமுக்கினாரு. மைக்கை மூடணும்னு நெனச்சு கேமராவை மூடிட்டாரு. நான் பார்த்துட்டேன். கையைக் காட்டுனேன், டார்ச்சை ஆட்டுனேன். அவர் கண்ணை மூடி லேடியா மாறிட்டிருந்தாரு.

படம் இல்லாத கட்டத்துலேர்ந்து மெம்பர் அத்தனை பேருக்கும் எல்லாம் கேட்டுச்சு. “வணக்கம், கப்பல் நெட்.” டிங் டிங். “டெக்னிக்கல். பச்சையோ செவப்போ?” டிங் டிங். “மேனேஜர் ஸ்பீக்கிங். அந்த டெக்னிக்கல் பையன நான் கண்டிக்கிறேன் சார்.”

கேமரா திரும்ப வந்தப்போ பாய் முகம் சாந்தமா இருந்துச்சு. “சாரி. நம்ம டீமுகாரங்க பேசிகினு இருந்தாங்க.”

அப்புறம் காசிமேட்டுல லைன் நடத்துற மங்கம்மா அக்கா தொண்டையைச் செருமுச்சு.

“பாய், அந்த மேனேஜர எனக்கு ரெண்டு நாள் அனுப்ப முடியுமா? நான் பொம்பள, பேசுனா ஓனர இட்டுகினு வான்றானுங்க. எனக்கு மேனேஜர் வாய்ஸ் வர்ல.”

ராசையா, “நான் மேனேஜர் சோக்காப் பண்ணுவேன்க்கா. ஆனா பாய், நெஜமாச் சொல்லு, லேடி எப்டி வருது? நானும் ட்ரை பண்ணேன், ஆடு கத்துற மாதிரி கீதுன்னு வூட்ல சிரிக்கிறாங்க”ன்னாரு.

அவ்ளோதான். கட்டம் கட்டமா எல்லாரும் சிரிக்கிறாங்க. ஒருத்தர் ரிசப்ஷன் பண்ணிக் காட்டுறாரு, ஒருத்தர் மியூசிக்குக்கு சோத்துத் தட்டைத் தூக்கிக் காட்டுறாரு. பாய் இதுல ஒண்ணையும் காதுல வாங்கல. காது நுனி வரைக்கும் செவந்து, லேப்டாப்பை மெதுவா மூடிட்டாரு.

“மானம் பூட்ச்சுப்பா. ராசையா ஜெய்ச்சிட்டான்.”

“இல்ல பாய், அவங்க...”

“டார்ச்ச அணை.”

அணைச்சேன். ரஹீமுன்னிசா அக்கா டீ கொண்டாந்து வச்சாங்க. அன்னிக்கு அவங்ககூட அந்தப் பொண்ணப் பத்தி ஒண்ணும் கேக்கல. டீ ஆறி ஏடு கட்டிடுச்சு. பாய் கேபிள் துண்டு ஒண்ணை எடுத்து, தோலை உரிச்சு, உரிச்சதையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தாரு.

போன் அடிச்சுது. பழக்க தோஷம், தானா லேடி வந்துட்டா. “வணக்கம், கப்பல் நெட்.” குரல் மட்டும் கொஞ்சம் உடைஞ்சிருந்துச்சு.

ஸ்பீக்கர்ல ஒரு பொண்ணு. “எக்ஸ்சேஞ்ச் ஆபீஸ்லேர்ந்து ஷாஸியா பேசுறேங்க. போர்டு மெம்பர் அத்தாவுல்லா சார்கிட்ட பேசணும். அவருக்குத்தான் ஜாஸ்தி ஓட்டு. லைன் குடுக்குறீங்களா?”

பாய் என்னைப் பார்த்தாரு, அக்காவைப் பார்த்தாரு. போனை, முட்டையை வைக்கிற மாதிரி, மேஜை மேல வச்சாரு. எழுந்து நின்னாரு. லுங்கியை இழுத்துக் கட்டினாரு. சட்டையோட மேல் பட்டனை, வெறும் வாய்ஸ் கால்தான் அது, தடவித் தடவிக் கண்டுபிடிச்சு, கழுத்து வரைக்கும் போட்டுக்கிட்டாரு.