கப்பல் வந்த அன்று உலாயுக் சித்தி

உலாயுக் சித்தி அதிகம் பேசமாட்டாள். இருபத்தைந்து வருடமாக எங்கள் வடதுருவத் தீவின் பள்ளிக்கூடத்தைக் கூட்டித் துடைப்பது அவள் வேலை. மிச்ச நேரத்தில் சீல் என்ற கடல்விலங்கின் தோலில் கையுறை தைப்பாள். குப்லு சித்தப்பாதான் இருவருக்கும் சேர்த்துப் பேசுவார். அந்த ஆகஸ்டில் அவர் தனியாகப் படகெடுத்துக்கொண்டு வேட்டைக்குப் போனார். மூன்று நாளில் திரும்ப வேண்டியவர், எட்டு நாளாகியும் வரவில்லை.

காற்று கடல்பனியை எங்கள் விரிகுடாவுக்குள் தள்ளி அடைத்திருந்தது. ஊர்ப் படகுகள் கரையை விட்டு நகர முடியவில்லை. தேடல் விமானம் தெற்கே மூடுபனியில் முடங்கிக் கிடந்தது. ஒன்பதாம் நாள் காலை பனியை இடித்துக்கொண்டு உள்ளே வந்தது ஓர் உல்லாசக் கப்பல் மட்டும்தான்.

பயணிகள் ரப்பர் படகுகளில் வந்து இறங்கினார்கள். எல்லோருக்கும் ஒரே ஆரஞ்சு நிறச் சட்டை. அவர்களிடம் விற்க, சித்தியின் கையுறைகளைக் கரையில் ஒரு மேஜைமேல் பரப்பியிருந்தோம்.

"காணாமப் போனா தேடிப் பிடிக்க வசதின்னு போட்டு விட்டிருக்காங்க போல," என்றாள் பக்கத்து மேஜையில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த தாதிகாத். சொன்ன பிறகுதான் சித்தி நிற்பதைக் கவனித்தாள். "ஏதோ வாய் தவறிடுச்சு அக்கா," என்று ரொட்டியைப் புரட்டிப் போட்டாள்.

கையுறை பார்க்க வந்த ஒரு வயதான பயணி தன் கேமராவை எங்களிடம் நீட்டினார். "காலையில ஒரு குட்டித்தீவு பக்கமா வந்தோம். அங்கிருந்து ஒருத்தர் எங்களுக்குக் கை காட்டினாரு. நாங்களும் எல்லாரும் சேர்ந்து காட்டினோம். எவ்வளவு பிரியமான ஜனங்க நீங்க."

படத்தில் பாறை, பனி, பச்சைச் சட்டையில் ஓர் உருவம். இரண்டு கைகளும் தலைக்கு மேல். தோளில் வெள்ளையாக ஏதோ.

"அவர் சட்டையில நான் போட்ட ஒட்டு," என்றாள் சித்தி. கேமராவை அவள் திருப்பிக் கொடுக்கவில்லை.

நான் பயணக் குழுவின் தலைவர் ஹென்ரிக்கைக் கூட்டி வந்தேன். எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். முகம் கலங்கலாகத்தான் தெரிந்தது.

"இந்தப் பக்கம் கோடை முழுக்க ஆளுங்க கூடாரம் போட்டிருப்பாங்க. இவர் உங்க வீட்டுக்காரர்தானா?"

நான் சித்தியிடம் கேட்டேன். அவள் புருவத்தை உயர்த்தியே ஆமாம் என்றாள்.

"பின்னால பனி மூடிக்கிட்டு வருது அம்மா. நிச்சயமாத் தெரிஞ்சாத்தான் கேப்டன் கப்பலைத் திருப்புவாரு. நிச்சயமா அவர்தானா?"

மறுபடியும் உயர்த்தினாள், கண்கள் விரிய. ஹென்ரிக் அவளைச் சற்று நேரம் பார்த்துவிட்டு ரேடியோவை எடுத்துக்கொண்டு கரைப்பக்கம் நடந்தார்.

நாங்கள் வீட்டுக்கு ஓடினோம். கம்பளி, சூடான தேநீர்க் குடுவை, அவருடைய இன்னொரு ஜோடிக் காலணி. எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு வந்து கரையில் நின்றோம். ஒரு மணி நேரமாயிற்று. யாரும் எங்களைக் கூப்பிடவில்லை. ஆரஞ்சுச் சட்டைகள் ஒவ்வொரு படகாகக் கப்பலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தன.

"எப்ப கிளம்பறோம்?" என்று ஹென்ரிக்கிடம் கேட்டேன்.

"எங்க?"

"குட்டித்தீவுக்கு."

"உங்க சித்தியால அடையாளம் சொல்ல முடியலையே. ரெண்டு தடவை கேட்டேன். பாவம், அதிர்ச்சியில வாயே திறக்கல. மீட்பு மையத்துக்குத் தகவல் மட்டும் குடுத்திருக்கோம்."

இரண்டு மொழி படித்தவள் நான்தான். சித்தி பதில் சொல்லிவிட்டாள் என்பதில் எனக்குச் சந்தேகமே வராததால், அதை ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"அவங்க ஆமான்னாங்க. புருவத்தை உயர்த்தினா எங்க ஊர்ல ஆமான்னு அர்த்தம். ரெண்டு தடவையும் ஆமான்னாங்க."

ஹென்ரிக் ஒரு நிமிடம்கூட வீணாக்கவில்லை. எங்களையும் ஏற்றிக்கொண்டு கப்பல் திரும்பியது. பனி வழிவிட மறுத்து மறுத்து, மூன்று மணி நேரம் ஆயிற்று. சித்தி முன்தளத்தில் கம்பியைப் பிடித்தபடி உட்காரவே இல்லை.

குட்டித்தீவில் அடி உடைந்த படகு கிடந்தது. கூடாரம் காற்றில் சாய்ந்திருந்தது. உள்ளே அடுப்பின் மேல் கெட்டில். தொட்டுப் பார்த்தேன், இன்னும் லேசான வெதுவெதுப்பு. அடிச்சுவடுகள் கரையோரப் பனிமேல் ஏறி, காலையில் கப்பல் போன திசையில் நேராகச் சென்று, நாற்பது அடியில் அறுந்துபோயிருந்தன. அதற்கப்பால் கருந்தண்ணீர். கரையோடு ஒட்டியிருந்த பனித்தட்டு பிய்த்துக்கொண்டு போயிருந்தது.

ரப்பர் படகுகள் மாலை வரை பனித்தட்டுகளுக்கிடையே சுற்றின. பிறகு கப்பலும் சிக்கிக்கொள்ளும், உடனே கிளம்புங்கள் என்று கேப்டனிடமிருந்து உத்தரவு வந்தது.

"நாளைக்கு மூடுபனி விலகினா விமானம் வரும். இப்ப படகுல ஏறச் சொல்லுங்க," என்றார் ஹென்ரிக், என் முகத்தைப் பார்க்காமல்.

சொன்னேன். சித்தி கூடாரக் கழியை நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.

"தட்டு மேலதான் நிக்கிறாரு. காத்து திரும்பினா தட்டும் திரும்பி வரும். வரும்போது இங்க யாரும் இல்லைன்னா எங்க போவாரு?" அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. "நீ போறதுன்னா போ."

கப்பலிலிருந்து ஒரு வாரத்துக்கான உணவும் எண்ணெயும் ஒரு ரேடியோவும் இறக்கித் தந்தார்கள். நான் கூடாரக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்து இழுத்தேன். சித்தி அதைப் பாறையில் சுற்றி முடிச்சுப் போட்டாள். பிறகு அடுப்பைப் பற்றவைத்து, கெட்டிலில் இருந்த அவருடைய தண்ணீரைக் கொட்டாமல், அதன் மேலேயே இன்னும் கொஞ்சம் பனியை அள்ளிப் போட்டாள்.