லாபம், ரெண்டு, மூணு

2004 அக்டோபர் 16, சனிக்கிழமை, மாலை நாலு முப்பத்தைந்து. மூன்றரைக்குப் பிடித்த மழை விட்டபாடில்லை. இவ்வளவு சரியாகச் சொல்கிறானே, கதை கட்டுகிறானோ என்று நினைப்பீர்கள். நான் முப்பத்திரண்டு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன், எண்ணுவது என் உடம்பில் ஊறிய நோய். பேய் பிசாசு எதையும் நான் நம்பியதில்லை. மனிதர்களையும் அவ்வளவாக நம்பியதில்லை, அது வேறு விஷயம்.

ஓய்வு பெற்ற பிறகு திருப்பூருக்கு வெளியே ஒரு பெண்கள் கல்லூரியில் மாணவர் மன்றங்களுக்குப் பொறுப்பாளராக வைத்திருந்தார்கள். பொறுப்பு என்றால் சாவிதான். நாடகக்குழு, இயற்கை மன்றம் என்று பலகையில் நிறைய இருந்தாலும் நிஜமாக நடந்தது இசைக்குழு ஒன்றுதான். அதில் எட்டுப் பெண்கள். வராந்தாவின் கோடியில் அவர்களுக்கு ஒரு அறை, ஒரே கதவு, கம்பி போட்ட ஜன்னல்கள். ஒவ்வொரு நாளும் ஆர்மோனியம், தபலா, கஞ்சிரா, ஜால்ரா எல்லாம் எண்ணி, பெண்களையும் எண்ணி வெளியே அனுப்பிவிட்டுத்தான் பூட்டுவேன்.

நான் எண்ணும் விதத்தைச் சொல்லியாக வேண்டும். என் அப்பாவுக்கு வெள்ளகோவிலில் கடலை மண்டி. மண்டியில் முதல் படியை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்பார்கள். அடுத்தது ரெண்டு, மூணு. எனக்கும் அதே பழக்கம் ஒட்டிக்கொண்டது. பென்சில் எண்ணினாலும் பிள்ளைகளை எண்ணினாலும் லாபம், ரெண்டு, மூணுதான். அந்தப் பெண்கள் எனக்கு ‘லாபம் சார்’ என்று பெயர் வைத்திருந்தது தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன்.

குழுவின் முதல் பாடகி ஜெசிந்தா. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம், அப்பா பனியன் கம்பெனியில் டெய்லர். திங்கட்கிழமை கோயம்புத்தூரில் போட்டி. அவள் பாடி ஜெயித்தால் மீதிப் படிப்புக்குக் கல்லூரியே ஃபீஸ் கட்டும் என்று தாளாளர் சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் அவளும் கம்பெனியில் செக்கிங் டேபிளுக்குப் போக வேண்டியதுதான். குரல் அப்படி ஒரு குரல். ஆனால் வாய் அதிகம். வியாழக்கிழமை நான் வராந்தாவில் வரும்போதே அறைக்குள் என் குரல் கேட்டது, என் இருமலோடு சேர்த்து. “லாபம், ரெண்டு, மூணு... ஏம்மா, ஜால்ராவுல ஒண்ணக் காணம், ஆரு முழுங்குனது?” கதவைத் திறந்தால் மூக்கு நுனியில் கண்ணாடியோடு நிற்கிறாள். மற்றவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள்.

“இன்னொருக்கா இந்த ரூமுக்குள்ள எங்குரல் கேட்டுது, திங்கக்கிழமை பஸ்ல நீ ஏற மாட்ட” என்றேன்.

“இனிமே கேக்காது சார்” என்றாள். நான் அதையும் நம்பவில்லை.

சனிக்கிழமை பயிற்சி முடிந்ததும் வாத்தியங்களை எண்ணிவிட்டு, வழக்கம்போல் கதவோரம் நின்று பெண்களை எண்ணினேன். லாபம், ரெண்டு, மூணு, எட்டு வரை வந்தது. எண்ணிக்கை சரியாக இருக்கும்போது உள்ளே எதற்கு எட்டிப் பார்க்க வேண்டும்? பூட்டினேன். கல்லூரி பஸ் மழையில் எங்கோ மாட்டிக்கொண்டிருந்தது. பாவம் குளிரில் நிற்கிறார்களே என்று கேன்டீன் ரங்கசாமியிடம் எட்டு டீ சொல்லிவிட்டு, டிரைவருக்குப் போன் செய்ய அலுவலகத்துக்குப் போனேன். நான் டீ குடிக்கவில்லை, நாலு மணிக்கு மேல் எனக்கு டீ ஆகாது. ரங்கசாமி காலி கிளாஸ்களோடு அலுவலகத்துக்கு வந்தான். எட்டு கிளாஸையும் கண்ணால் எண்ணிவிட்டு இருபத்து நான்கு ரூபாய் கொடுத்தேன். பஸ் வந்தது, பெண்கள் ஏறிப் போனார்கள், அவனும் கேன்டீனைச் சாத்திவிட்டு சைக்கிளில் கிளம்பினான்.

என் குடையை இசைக்குழு அறை வாசலிலேயே விட்டிருந்தேன். எடுக்கப் போனபோது, சரியாக அந்த நாலு முப்பத்தைந்துக்கு, கரண்ட் போயிற்று. காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் ஒரு நிட்டிங் கம்பெனி. பகல் பூராவும் அதன் இரைச்சல் காதில் இருந்துகொண்டே இருக்கும், கரண்ட் போனால் ஜெனரேட்டர் போடும்வரை அடங்கிக் கிடக்கும். அந்த அமைதியில்தான் கேட்டது. பூட்டிய அறைக்குள்ளிருந்து, என் குரல்.

“லாபம், ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு.”

அதோடு நின்றது. பிறகு மறுபடி லாபத்திலிருந்து ஏழு வரை. எட்டைச் சொல்லவே இல்லை.

பயந்தேன் என்று நினைக்காதீர்கள். எனக்கு வந்தது ஆத்திரம். அகப்பட்டாள் ஜெசிந்தா என்றுதான் நினைத்தேன். எட்டுப் பேர் வெளியே வந்ததை நானே எண்ணியிருக்கிறேன், அப்படியானால் எப்படியோ மறுபடி உள்ளே புகுந்திருக்கிறாள், சாவிக்கு ஒரு டூப்ளிகேட்கூடப் போட்டிருப்பாள். அறையில் இருந்த டேப் ரிக்கார்டரின் வேலையாக இருக்குமோ என்றும் யோசித்தேன். கரண்ட் இல்லை, அதன் பேட்டரிகள் அலுவலகத்தில் என் டிராயரில் இருந்தன. நல்ல மனசுள்ளவனாக இருந்தால் சிரித்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போயிருப்பேன். கையும் களவுமாகப் பிடித்துத் திங்கட்கிழமை அவளை நிறுத்த வேண்டும் என்றுதான் பூட்டைத் திறந்தேன். அதற்குள் ஜெனரேட்டர் இரையத் தொடங்கிவிட்டது. குரல் நின்றதா, இரைச்சலில் அமுங்கியதா, தெரியாது.

உள்ளே யாரும் நிற்கவில்லை. பீரோவுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் சாய்ந்து கிடந்தது, பக்கத்தில் ஜெசிந்தா. தபலாப் பெட்டியை பீரோ மேலே வைக்க ஏறியவள் வழுக்கி விழுந்து மண்டையை இடித்திருக்கிறாள், மழையிலும் கம்பெனி இரைச்சலிலும் அது யாருக்கும் கேட்கவில்லை. தலைமுடியெல்லாம் ரத்தம். கூப்பிட்டால் கண் திறக்கவில்லை.

வாட்ச்மேனை ஓடவிட்டு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அடுத்த நாள் ஞாயிறு. திங்கள் வரை அந்தக் கதவை யாரும் திறந்திருக்க மாட்டார்கள். அவளுடைய அப்பா அளவு டேப் கழுத்தில் தொங்க அப்படியே ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார், ரொம்ப நேரம் விடவில்லை.

மறுநாள் மத்தியானம் போய்ப் பார்த்தேன். தலையில் கட்டோடு படுத்திருந்தாள். அப்போதும் எனக்குச் சந்தேகம் போகவில்லை. “நீதானே எண்ணுன?” என்று கேட்டேன்.

“நானா சார்? நீங்கதான வெளிய நின்னு எண்ணிக்கிட்டே இருந்திய. ஏழோட நிறுத்திட்டு மறுபடி லாபத்துலேந்து ஆரம்பிச்சிய. எட்டாவது நான் இங்க கெடக்கேன் சார்னு சொல்லப் பாத்தேன், நாக்கு அசையல.”

எனக்கு உள்ளேயிருந்து கேட்டது, அவளுக்கு வெளியேயிருந்து கேட்டிருக்கிறது.

மற்ற ஏழு பெண்களையும் விசாரித்தேன். ஜெசிந்தா டவுன் பஸ்ஸுக்காக முன்னாலேயே கிளம்பிவிட்டாள் என்று ஒவ்வொருத்தியும் நினைத்திருக்கிறாள். சரி, நான் எப்படி எட்டு எண்ணினேன்? என் மருமகன் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். “பிள்ளைக வர்றதுக்கு முந்தியே வாய் பழக்கத்துல லாபம்னு சொல்லீருப்பீங்க மாமா. முதல் பிள்ளைக்கே ரெண்டு விழுந்திருக்கும். ஏழு பேருக்கு எட்டு வந்துரும்.” கணக்குப்படி அது சரி. அந்தக் குரலும் பெரிய மழையில் என் காதில் ஏதோ கேட்டது என்று வைத்துக்கொள்ளச் சொன்னார். வைத்துக்கொண்டேன். இரண்டு நாள் நன்றாகத் தூங்கினேன்.

ஜெசிந்தாவுக்காகப் போட்டியைக் கைவிட்டார்கள். ஃபீஸ் விஷயத்தைத் தாளாளரிடம் நானே உட்கார்ந்து பேசி முடித்தேன், அவள் படித்து முடித்தாள். அதெல்லாம் நல்லபடியாகத்தான் போயிற்று.

புதன்கிழமைதான் டீ ஞாபகம் வந்தது. ஏழு பெண்களும் ஆளுக்கு ஒரு கிளாஸ்தான் குடித்தோம் என்று சொல்லியிருந்தார்கள். அப்படியானால் ரங்கசாமி என்னை ஏமாற்றியிருக்கிறான். கேன்டீனுக்குப் போய்ச் சத்தம் போட்டேன்.

அவன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். “ஏனுங்க சார், எட்டாவது கிளாஸ நீங்கதானுங்களே வாங்குனீங்க. கோடித் தூணுக்கு அந்தப்பக்கம் நின்னுக்கிட்டுக் கைய நீட்டுனீங்க. ஒரே மடக்குல குடிச்சிட்டு, ஏழுதான் ஏழுதான்னு என்னமோ சொன்னீங்க, மழைச் சத்தத்துல வெளங்கலீங்க. காசு வாங்க ஆபீசுக்கு வந்தா அதுக்குள்ள அங்க உக்காந்து போன் பேசிக்கிட்டிருக்கறீங்க. சார் இந்த வயசுலயும் என்ன வேகமா நடக்கறாருன்னு நெனச்சனுங்க.”

நான் திரும்பி வந்தேன். இப்போதும் எதையாவது எண்ணும்போது ஏழு வந்ததும் ஒரு நிமிடம் நிறுத்திக் கேட்டுப் பார்க்கிறேன். அன்றைக்கு ஆட்டோவுக்கும் மருந்துக்கும் கொடுத்ததை அந்த டெய்லர் சம்பள நாளன்று வந்து என் சட்டைப் பையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். பெண்கள் குடித்த ஏழு டீக்கும் கல்லூரி பணம் தந்தது. எட்டாவதை நான் கேட்கவில்லை, என்னவென்று எழுதிக் கேட்பது?

ஆகமொத்தம் எனக்குச் செலவு மூன்று ரூபாய்.