அக்காவின் கிளிஞ்சல் மயில்

அக்கா செய்த கிளிஞ்சல் மயிலை நான் செய்ததாகச் சொல்லிப் பள்ளிக் கண்காட்சியில் பரிசு வாங்கினேன்.

சென்ற வாரம் சிதம்பரத்தில் ஒரு தச்சுப் பட்டறையைக் கடக்கும்போது வஜ்ஜிரப் பசை காய்ச்சும் நாற்றம் வந்து, கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டுப் பின்புறக் கொட்டகை நினைவில் எழுந்தது. இப்போது அங்கே செல்போன் ரீசார்ஜ் கடை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவோடு தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய்ப் பொறுக்கி வந்த கிளிஞ்சல்களை, அக்கா உப்புப் போகக் கழுவி, நிறம் பிரித்து, டப்பாவில் பசை கொதிக்கக் கொதிக்கத் தானும் எதையோ முணுமுணுத்தபடி பலகையில் ஒட்டுவாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒட்டுவேன். என்னுடையவை மறுநாளே உதிர்ந்துவிடும்.

பரிசு வாங்கிய மாலை அவள், "அது நான் செஞ்சதுப்பா" என்றாள். அப்பா என்னைப் பார்த்தார். நான் இல்லையென்று தலையாட்டினேன்.

"தம்பிக்குப் பேரு வந்தா பொறுக்கலையா ஒனக்கு? பொய் வேற!" என்று அவளை அறைந்தார். அதன்பின் அவள் அந்தக் கொட்டகைக்குள் போகவேயில்லை.

சென்ற வாரம் அந்தத் தச்சுப் பட்டறையிலிருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போய், அவள் மகன், மருமகள், பேத்தி எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொன்னேன்.

"ஐயோ, தாத்தா திருடன்!" என்று பேத்தி சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை.

"இவுங்க என்னை எப்பவும் நம்புறவுங்கதான்டா. அப்பாகிட்டல்ல சொல்லியிருக்கணும். என்னைப் பொய்க்காரின்னு நெனச்சுக்கிட்டே போயிட்டாரே."

நான் கிளம்பினேன். எப்போதும் தெருமுனைவரை வந்து வழியனுப்புகிறவள், நாற்காலியை விட்டு எழவில்லை.