தம்பியின் தட்டில் வெள்ளை இழைகள்

கப்பலில் வேலை பார்க்கும் தம்பி, போகும் நாடுகளிலிருந்தெல்லாம் நூடுல்ஸ் கொண்டுவருவான். நான் தின்று பார்த்து இந்த வலைப்பதிவில் மார்க் போடுவேன்.

இன்று கொரியாவும் இந்தோனேசியாவும்.

சின்ன வயதில், மட்டாஞ்சேரி வீட்டில் எங்கள் இருவருக்கும் ஒரே பாக்கெட். போதாதென்று அம்மா காலை இடியாப்பத்தை உதிர்த்துக் கலந்துவிடுவாள். நூடுல்ஸை நான் பொறுக்கிக்கொண்டு, "வெள்ளைதாண்டா ருசி" என்று இடியாப்பத்தை அவன் பக்கம் தள்ளுவேன்.

இத்தனை வருடம் கழித்து இன்று கேட்டேன். "நான் ஏமாத்தினது உனக்குத் தெரியுமாடா?"

"பின்னே, தெரியாதா? நீ அவ்வளவு கஷ்டப்பட்டுப் பொய் சொன்னே அக்கா. நம்பலேன்னா வருத்தப்படுவேல்ல."

இரண்டு பாக்கெட்டையும் வேகவைத்து அவன் தட்டிலேயே கொட்டினேன்.

தட்டைப் பார்த்துவிட்டு, "இடியாப்பம் இல்லையா?" என்கிறான்.

இவனை என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள்.