அமானிதமாக ஒரு கதவு

எங்கள் பக்கத்தில் மகளைக் கட்டிக்கொடுத்தால் மகள் வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளை வந்து சேருவார். மூட்டை கட்டுவது பெற்றவர்கள்தான். மகளுக்கு நிக்காஹ் பேசி முடித்த கையோடு, இருக்கிற வீட்டை அவளுக்கென்று ஒதுக்கிவிட்டு, வளவின் பின்பக்கம் களப்புக் கடலைப் பார்த்தபடி எங்களுக்கு இரண்டு அறையில் ஒரு சின்ன வீடு கட்டத் தொடங்கினோம். வந்தவர்கள் எல்லோரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். எனக்கோ உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். கூட்டிப் பெருக்க இரண்டே அறை! இதைவிட ஒரு மனுசிக்கு வேறென்ன வேண்டும்?

இடைஞ்சலாக நின்றது என் கணவர் மட்டும்தான்.

மனுசன் நல்லவர். குரல் உயர்த்திப் பேசத் தெரியாது. ஆனால் ஒரு சாமானை எறிய மாட்டார். நான் எறிந்தால் பின்னாலேயே போய்ப் பொறுக்கிக்கொண்டு வருவார். பாலாவிச் சந்தியில் லொறியிலிருந்து ஒரு ஆணி விழுந்து கிடந்தால்கூட மோட்டார் சைக்கிளை நிறுத்தி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். போத்தல் இல்லாத மூடிகள் ஒரு டின் நிறைய வைத்திருந்தார். ஏன் என்று கேட்டால், மூடி இருந்தால் போத்தல் எப்படியும் வந்துவிடும் என்பார். திறக்க முடியாத அலுமாரி ஒன்றும் இருந்தது. மகளின் கலியாணத்தை முன்னிட்டு அதை உடைத்துப் பார்த்தோம். உள்ளே இன்னும் கொஞ்சம் மூடிகள்.

மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குள் பின்னறை காலியாக வேண்டும். வீட்டிலேயே பெரிய அறை அதுதான். வெள்ளையடித்து, புதுக் கட்டில் போட்டு, மகளுக்குக் கொடுக்க வேண்டிய அறை. அதற்குள்ளேதான் இவருடைய இராச்சியம் முழுவதும் இருந்தது. நான் முற்றத்தில் மூன்று குவியல் போட்டேன்: வைத்திருப்பது, கொடுப்பது, கொளுத்துவது. அஸர் தொழுதுவிட்டு வந்து பார்த்தால் மூன்றாவது குவியல் மெலிந்திருக்கும், முதலாவது கொழுத்திருக்கும். பிறகு நான் ஒரு கதிரையைப் போட்டுக் காவல் இருக்கத் தொடங்கினேன்.

அப்போதுதான் அவர் அந்தச் சொல்லை எடுத்தார். "இதெல்லாம் அமானிதம்."

அந்தச் சொல்லுக்கு முன்னால் நான் தோற்றுப்போவேன். ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருள் அமானிதம். அவர் வந்து கேட்கும்வரை காப்பாற்றிக் கொடுக்க வேண்டும். எறிந்தால் மறுமையில் பதில் சொல்ல வேண்டும். அவர் சொன்னதில் உண்மையும் இருந்தது. தொண்ணூறாம் ஆண்டு, சண்டைக் காலத்தில், மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு எங்கள் ஊருக்கு வந்த முஸ்லிம் சனங்களுக்குக் கொட்டில் போட, என் மாமனார் தன் தென்னந்தோட்டத்தைத் திறந்துவிட்டவர். வெறுங்கையோடு வந்த அந்தச் சனங்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாமான் சேர்த்து, வேறு வேறு இடங்களுக்குக் குடிபோனபோது, கொண்டுபோக முடியாததையெல்லாம் இவரிடம் வைத்துவிட்டுப் போனார்கள். எங்கள் வீட்டில் வைத்தால் பத்திரம் என்று ஊருக்கே தெரியும்.

அமானிதமென்றால் உரியவர்கள் வந்து எடுத்துப் போகட்டும் என்று நான் தொலைபேசியைக் கையில் எடுத்தேன். ஒரு தொட்டிலை வைத்துவிட்டுப் போன அக்கா முறை ராத்தா வந்தார். அதில் படுத்த பிள்ளை இப்போது கட்டாரில் வேலை செய்கிறானாம். சிரித்துக்கொண்டே கோழிக்கு ஆகும் என்று தூக்கிப்போனார். தையல் மெசினின் இரும்புக் கால்களைப் பள்ளிவாசலுக்குக் கொடுத்துவிடச் சொன்னார்கள் மதுரங்குளிக்குக் குடிபோனவர்கள். துருப்பிடித்த கட்டில் சட்டம் ஒன்றையும் அமானிதம் என்று இவர் பத்திரப்படுத்தியிருந்தார். உரியவர் என்று இவர் சொன்ன மனுசனுக்கு எடுத்துக் கேட்டால், தன் வாழ்நாளில் அப்படி ஒரு கட்டிலைக் கண்டதே இல்லை என்கிறார். நான் திரும்பி இவரைப் பார்த்தேன். இவர் முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று முழுவதும் நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

இப்படியாகப் பின்னறை காலியாகி, கடைசியில் ஒரு கதவு மட்டும் மிஞ்சியது.

முதிரை மரத்தில் செய்த இரட்டைக் கதவு, நிலையோடு. நாலு பேர் பிடித்தால்தான் அசையும். அதற்குரியவர் இவருடைய பழைய கூட்டாளி, கருவாட்டு வியாபாரி. எனக்கு அண்ணன் முறை, நானா என்றுதான் கூப்பிடுவேன். சண்டை ஓய்ந்து பாதை திறந்த காலத்தில் மன்னாருக்குப் போய்த் தன் வீட்டைப் பார்த்தார். கூரை இல்லை, சுவருக்குள் மரம் முளைத்திருந்தது, இந்தக் கதவு மட்டும் சாத்தியபடி நின்றதாம். கழற்றி லொறியில் ஏற்றி வந்துவிட்டார். அப்போது அவர் இருந்த ஓலைக் கொட்டிலைவிடக் கதவு உயரம். வீடு கட்டும்வரை இருக்கட்டும் என்று எங்களிடம் வைத்தார். பிறகு அவர் பாலாவிக்குப் பக்கத்தில் வீடு கட்டியும் எத்தனையோ வருசமாகிவிட்டது, கதவை எடுக்க வரவில்லை.

கேட்டால் நாளைக்கு லொறி அனுப்புகிறேன் என்பார். அடுத்த கிழமை என்பார். கலியாணம் நெருங்க நெருங்க எனக்குக் கொதி ஏறியது. ஊரார் சாமானுக்கு நம் வீடு கிட்டங்கியா என்று இவரோடு சண்டை பிடித்தேன். இவரோ, கேட்காமல் அதை முற்றத்தில் தூக்கி வைக்கவும் சம்மதிக்கவில்லை. மழை பட்டால் யார் பதில் சொல்வது என்றார். கடைசியில் ஒரு த்ரீவீலைப் பிடித்து, இவரையும் ஏற்றிக்கொண்டு, கையோடு ஒரு முடிவு கேட்டு வர நானே கிளம்பினேன்.

அவருடைய வீட்டு வாசலில் கடையில் வாங்கிய கதவு இருந்தது. அவர் மனைவி தேத்தண்ணியும் வெட்டிய பாணும் கொண்டுவந்து வைத்துவிட்டு, அந்தப் பலகையை விறகுக்குக் கொத்துங்கள் என்று தான் எப்போதோ சொல்லியாயிற்று என்று என் பக்கம் நின்றார். எனக்குத் தெம்பு வந்துவிட்டது. நானா, ஒன்று கதவை எடுங்கள், இல்லாவிட்டால் விற்கச் சொல்லுங்கள் என்று வெட்டொன்று துண்டிரண்டாகச் சொன்னேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "தங்கச்சி, அது உங்கட வீட்ல நிக்கும்வரைக்கும், எங்கேயோ ஒரு வீட்டுக் கதவு எண்டு நினைச்சுக்கொள்ளலாம். இங்க கொண்டுவந்து சாத்தி வச்சா, அது வெறும் பலகைதானே."

கொண்டுபோன கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அத்தனை வருசமும் என் கணவர் மரத்தை வைத்திருக்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த மனுசனுக்காக ஒரு வீட்டை முடிந்துபோக விடாமல் வைத்திருக்கிறார் என்பது அப்போதுதான் விளங்கியது. பாணைத் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றுவிட்டு, கதவைப் பற்றி ஒன்றும் பேசாமல் திரும்பி வந்தோம். வழி நெடுக இவர் உப்பளங்களையே பார்த்துக்கொண்டு வந்தார். அறையைக் காலி செய்ய முடியாது, கதவைக் கைவிடவும் முடியாது என்ற கவலை அவருக்கு.

வீட்டுக்கு வந்து இறங்கினால், சின்ன வீட்டு முன்சுவரைக் கட்டிக்கொண்டிருந்த மேசன், வாசலுக்கு எவ்வளவு இடம் விடுவது என்று கேட்கிறார். நான் நின்றுவிட்டேன். அமானிதத்தைப் பாவிக்கலாமா என்று இவரைக் கேட்டேன். உரியவர் சம்மதித்தால் பாவிக்கலாம் என்றார். சொல்லும்போதே முகம் மலர்ந்துவிட்டது மனுசனுக்கு.

நானே தொலைபேசி எடுத்தேன். கதவை எங்கள் புது வீட்டு வாசலுக்குப் போடுகிறோம், அப்போதும் அது உங்களுடையதுதான், வேண்டுமென்றால் எந்த நேரமும் கழற்றிக்கொண்டு போகலாம் என்று சொன்னேன். கோபித்துக்கொள்வாரோ என்று பயந்தேன்.

"எந்தப் பக்கம் பாத்து வைக்கிறீங்க?" என்று கேட்டார்.

"கடலப் பாத்து, நானா."

"ஓம், அப்ப வைங்க. அங்கயும் அப்பிடித்தான் நிண்டது."

மேசனுக்குப் பிடிக்கவே இல்லை. இரண்டு அறை வீட்டுக்கு இந்தக் கதவு, சின்னப் பிள்ளைக்கு வாப்பாவின் சாரத்தைக் கட்டிவிட்டது போல இருக்கிறதாம். அவர் சொன்னதும் சரிதான். இன்னொரு கோளாறும் இருந்தது. வலப்பக்கக் கதவு நிலத்தில் உரசும். எவ்வளவு தள்ளினாலும் பாதியில் நின்றுவிடும். அடியைச் சீவிவிடுவோம் என்றேன். அமானிதத்தைச் சீவுவதா என்று இவர் குறுக்கே நின்றுவிட்டார். அதனால் அந்தக் கதவோடு தினமும் மல்லுக்கட்டுவதென்று ஆயிற்று.

நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. பின்னறை வெள்ளையடித்துப் பளிச்சென்று இருந்தது. மகளும் மருமகனும் அதில் குடியேற, நாங்கள் இரண்டு பாய், ஒரு அலுமாரி, இவருடைய மூடி டின் ஆகியவற்றோடு சின்ன வீட்டுக்கு வந்தோம். அந்த டின்னை நான்தான் விட்டுக்கொடுத்தேன். மருமகன் மரியாதைக்காக எங்களைப் பார்க்க வந்தால், உரசும் கதவோடு போராடிவிட்டு, சாய்ந்தபடி ஒற்றைக் கதவால் நுழைந்து வருவார்.

கலியாணத்துக்கு அடுத்த கிழமை, நான் உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கதவு திறந்தது. சத்தமே வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால் நானா, கையில் கருவாட்டுப் பொட்டலத்தோடு நடு வீட்டில் நிற்கிறார். கால் நுனியால் வலப்பக்கக் கதவை ஒரு எத்து எத்தித் தூக்கி, தோளால் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். மன்னார் வீட்டில் பழகிய கால், அதுபாட்டுக்குச் செய்துவிட்டது. வந்த பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று அவருக்கு விளங்கியது. அவரைப் பார்க்க எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

அவர் வெட்கப்பட்டுப்போய் வெளியே இறங்கி, இரண்டு கதவையும் சாத்திவிட்டு, ஸலாம் சொல்லித் தட்டினார்.

நான் உள்ளேயிருந்து பதில் ஸலாம் சொன்னேன். "உங்கட கதவுதானே, நானா. திறந்துகொண்டு வாங்க."