மீன் ஏறாத அடுப்பு

வெண்டைக்காயின் நுனியை ஒடித்தால் 'டக்'கென்று ஒரு சத்தம் வரும். சத்தம் வந்தால் பிஞ்சு, வளைந்து கொடுத்தால் முற்றல் என்பது சமையல் செய்கிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். என் அம்மாவுக்கு மட்டும் அது முப்பது வயது தாண்டும்வரை தெரியாது. பாளையங்கோட்டை சந்தையில் முதல் தடவை அந்தச் சத்தத்தைக் கேட்டபோது, காயை ஒடித்துவிட்ட பெண்ணைக் கடைக்காரி திட்டப்போகிறாள் என்று பயந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டடி பின்வாங்கி நின்றாள்.

இதில் அம்மாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. உவரியில் பிறந்து, உவரியிலேயே கல்யாணமாகி, அப்பா கடலிலிருந்து கொண்டுவருவதில் விற்றதுபோக மிஞ்சியதைக் குழம்பு வைத்தே பிள்ளைகளை வளர்த்தவள் அவள். எங்கள் வீட்டில் காய் என்றால் குழம்பில் மீனுக்குத் துணையாகக் கிடக்கும் மாங்காயும் முருங்கைக்காயும்தான். கீரை என்றால் ஆட்டுக்குப் போடுவது. அப்படிப்பட்டவள், எனக்குப் பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆறாம் வகுப்பில் இடம் கிடைத்ததும், "எம்பிள்ளைய ஹாஸ்டல்ல விட மாட்டேன், நானே போயி இருந்து படிக்க வைக்கேன்" என்று ஒற்றைக் காலில் நின்று, என்னையும் மூன்றாம் வகுப்புக்குப் போக வேண்டிய தம்பி ஜெரோமையும் கூட்டிக்கொண்டு டவுனுக்கு வந்துவிட்டாள். அப்பா ஊரில் கடலோடு தனியாக நின்றுவிட்டார்.

எங்கள் கைக்கு எட்டிய வாடகையில் கிடைத்தது ஒரே ஒரு வீடு. வீட்டுக்காரர் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சைவக் குடும்பம், நெற்றியில் திருநீறு இல்லாமல் நான் அவரைப் பார்த்ததே இல்லை. நல்ல மனிதர். சுவரில் அந்தோணியார் படத்தை மாட்ட ஆணியை அவரே அடித்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "எல்லாம் ஒங்க வீடு மாதிரி பொழங்கிக்கிடுங்க தாயி. மீனு, கறி மட்டும் வீட்டுக்குள்ள வரப்பிடாது" என்று சொன்னார். அம்மா சரி என்று தலையாட்டினாள். எதற்குத் தலையாட்டுகிறோம் என்று அவளுக்கு அப்போது புரிந்திருக்க வாய்ப்பில்லை.

அப்பாவுக்குப் புரிந்தது. "மீனு திங்காத பிள்ளைக்கு ஒடம்புல எங்கன ரத்தம் ஊறும்?" என்று கேட்டார். கடைசியில், அரையாண்டுப் பரீட்சை வரைக்கும் பார்ப்போம், அதற்குள் பிள்ளைகள் மெலிந்துபோனால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிட வேண்டும் என்று பேச்சு முடிந்தது. எனக்கு அந்தப் பள்ளிக்கூடம் பிடித்துப்போயிருந்தது. அங்கே ஒரு லைப்ரரி இருந்தது. இங்கிலீஷ் டீச்சர் என் நோட்டை வகுப்பு முழுவதற்கும் தூக்கிக் காட்டியிருந்தார். ஆக, நான் படிப்பேனா மாட்டேனா என்பது அம்மாவின் அடுப்பைப் பொறுத்தது என்று ஆகிவிட்டது.

அந்த அடுப்பின் நிலைமையைச் சொல்கிறேன். மீன் வாங்கத் தெரிந்தவள் மீன் வாங்குவதுபோலவே காய் வாங்கினாள். பெரிய மீனுக்குத்தான் மதிப்பு என்பதால் பெரிய வெண்டைக்காய், பெரிய கத்தரிக்காய், விரல் தடிமனில் 'சீனியவரைக்காய்' எனும் கொத்தவரங்காய் என்று தேடித் தேடிப் பொறுக்கினாள். கத்தரிக்காயின் காம்புத் தொப்பியை நகத்தால் நெம்பிப் பார்த்த அன்று, சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த பொன்னம்மா என்ற கடைக்காரி சிரித்த சிரிப்பு இன்னும் எனக்குக் காதில் இருக்கிறது.

"யக்கா, இது என்ன மீனா, செவுளத் தூக்கிப் பாக்குததுக்கு?"

"நல்லதா கெட்டதான்னு பின்ன எங்கன பாக்க?" என்று அம்மாவும் விடாமல் கேட்டாள்.

வாங்கிவந்த முற்றல் காய்கள் அத்தனைக்கும் அவளிடம் ஒரே பக்குவம்தான் இருந்தது. புளி, தேங்காய், மிளகாய் அரைத்துக் கூட்டிய மீன் குழம்பில், மீன் இருக்க வேண்டிய இடத்தில் அவை மிதந்தன. பாகற்காய் அதில் மிதந்தது, பூசணிக்காய் அதில் கரைந்தது, அவரைக்காய் அதில் வேகாமல் கிடந்தது. ஜெரோம் முதல் ஒரு வாரம் கரண்டியை விட்டுச் சட்டியின் அடிவரை துழாவிப் பார்ப்பான். மீன் இல்லை என்று உறுதியானதும் வெறுஞ்சோற்றில் ஊறுகாயைத் தொட்டு நாலு வாய் தின்றுவிட்டு எழுந்துவிடுவான். அடித்தும் பார்த்தாள், கொஞ்சியும் பார்த்தாள், அவன் அசையவில்லை.

மதியத்துக்கு இரண்டு பேருக்கும் டப்பா கட்டிக் கொடுப்பாள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு உண்டு, அதில் முட்டையும் உண்டு. "தட்ட நீட்டிட்டு வரிசையில நிக்கவா ஒங்கள இங்கன கூட்டியாந்தேன்? கடல்ல பாடுபடுதவன் பிள்ளையள்" என்று அதைப் பற்றிய பேச்சையே எடுக்க விடமாட்டாள். என் பள்ளியும் தம்பியின் ஆரம்பப் பள்ளியும் ஒரே காம்பவுண்டுக்குள் இருந்ததால் மதியம் தம்பியும் நானும் வேப்பமரத்தடியில் ஒன்றாகச் சாப்பிடுவோம். சாப்பிடுவோம் என்பது பேச்சுக்குத்தான். அவன் டப்பா மீந்துபோனால் அம்மா அழுவாள் என்று, இரண்டு டப்பாவையும் நானே தின்று தீர்த்தேன். முற்றிய வெண்டைக்காயும் கசக்கும் பாகற்காயும் எனக்கு மெல்ல மெல்லப் பழகி, பிடித்தும் போய், கன்னம் உப்பத் தொடங்கியது. அவனுக்குக் கழுத்தெலும்பு தெரியத் தொடங்கியது.

அப்பா மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவார்; எங்கள் ஊரில் ஞாயிறன்று கடலுக்குப் போவதில்லை. பஸ் ஸ்டாண்டில் நாங்கள் போய் நிற்போம். இறங்கியவுடன் முதல் வேலையாகத் தம்பியை இரண்டு கக்கத்திலும் கைகொடுத்துத் தலைக்கு மேல் தூக்குவார். கொஞ்சுவதற்காக மட்டும் இல்லை. ஏலத்தில் மீன் கூடையைத் தூக்கியவுடனே இத்தனை கிலோ என்று சொல்லிவிடுகிற கை அது. ஆகஸ்டில் தூக்கினார், இறக்கிவிட்டார். அடுத்த மாதம் தூக்கி இறக்கிவிட்டு, "பய கனம் கொறையுதானே" என்றார். அதற்கடுத்த மாதம் தூக்கி இறக்கிவிட்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள்.

நவம்பர் மாதத்தில் ஒரு நாள் காலை இறைவணக்கத்தில் ஜெரோம் மயங்கி விழுந்தான். அவன் டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போய்ப் பார்த்தால், பெஞ்சில் படுத்துச் சீனி போட்ட டீயை உறிஞ்சிக்கொண்டிருக்கிறான். அம்மாவை அழைத்து வா என்றார் டீச்சர். அம்மா ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்று கண்ணைக்கூடச் சிமிட்டாமல் பொய் சொன்னேன். வேறு என்ன செய்வேன்? இது அப்பா காதுக்குப் போனால் எனக்கு லைப்ரரியும் இல்லை, இங்கிலீஷ் டீச்சரும் இல்லை. "அப்போ சத்துணவுல பேரச் சேத்துவிடுதேன், முட்டையாவது திங்கட்டும்" என்றார் அவர். வெளியே வந்ததும் தம்பியைச் சுவரோரம் நிறுத்தி, மயங்கினதையும் முட்டையையும் வீட்டில் சொன்னால் இனிமேல் அவனோடு பேசமாட்டேன் என்று மிரட்டி, அந்தோணியார் மேல் சத்தியம் வாங்கினேன். தம்பிக்கு முடியவில்லை என்பதைவிட என் படிப்பு போய்விடும் என்பதுதான் அன்று எனக்குப் பெரிதாக இருந்தது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அவன் முட்டையைத் தின்றான், அதோடு சாம்பார்ச் சோற்றையும் தின்றான். அம்மாவும் இதற்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்கறியோடு ராசியாகிக்கொண்டிருந்தாள். ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் கொடுத்தனுப்பிய கருவாட்டுப் பொட்டலத்தை வீட்டுக்குள் கொண்டுவர முடியாமல் அப்படியே பொன்னம்மா கையில் கொடுக்க, அவள் அதற்குப் பதிலாக முருங்கைக்கீரையும் வாழைத்தண்டும் மடியில் போட்டு, எதை எப்படி வேகவைப்பது என்றும் சொல்லி அனுப்பினாள். பருப்பும் காயும் முருங்கைக்கீரையும் அரிசியோடு போட்டுக் கிண்டுகிற 'கூட்டாஞ்சோறு' முதல் தடவையே சரியாக வந்துவிட்டது. ஜெரோம் முகர்ந்து பார்த்துவிட்டு அரைத் தட்டு தின்றான். ஆனால் டிசம்பர் வந்துவிட்டது. பரீட்சை முடிந்து வருகிற ஞாயிறன்று அப்பா வருகிறார். எலும்பின் மேல் சதை பிடிக்க அவ்வளவு நாள் போதாது என்பது எனக்கே தெரிந்தது.

முந்தின நாள் அம்மாவோடு ஆற்றுக்குத் துணி துவைக்கப் போயிருந்தோம். தாமிரபரணியில் முழங்கால் அளவு தண்ணீரில் நின்று, உருண்டையான, கனமான கூழாங்கற்களாகப் பொறுக்கித் துணிமூட்டைக்குள் ஒளித்துக் கொண்டுவந்தேன். மறுநாள் காலையில் தம்பியின் கால்சட்டைப் பைகள் இரண்டிலும் அவற்றை நிரப்பி, சட்டையால் மூடிவிட்டு, கையை வீசாமல் நடக்கச் சொன்னேன். அவன் வாத்து மாதிரி நடந்தான். கால் வலிக்கிறதா என்று அம்மா கேட்டாள். பூட்ஸ் கடிக்கிறது என்றேன்.

அப்பா இறங்கினார், தூக்கினார். அவர் புருவம் ஏறியது. ஒரு நொடி சந்தோஷப்பட்டார் என்று சத்தியமாகச் சொல்வேன். அதற்குள் கனம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பழைய துணி கிழிந்து, கற்கள் சடசடவென்று பஸ் ஸ்டாண்டு தரையில் கொட்டி நாலா பக்கமும் உருண்டன. டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா தம்பியை மெல்ல இறக்கிவிட்டார்.

"இது யாரு வேல?"

நான் அழ ஆரம்பித்துவிட்டேன். அப்பா திட்டவில்லை, அடிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. வீட்டில் வந்து உட்கார்ந்ததும் ஜெரோமை மடியில் இருத்திக்கொண்டு, "நீ சொல்லுலே" என்றார். என் தம்பியின் சத்தியத்துக்கு ஆயுள் அவ்வளவுதான்.

"ஸ்கூல்ல மயங்கி விழுந்துட்டேன்ப்பா. அக்கா சொல்லக் கூடாதுன்னுட்டா. இப்போ தெனமும் சத்துணவுல முட்ட திங்கேன். நல்லாருக்குப்பா."

அம்மா அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். மயங்கினது முதலில் அவள் காதில் விழவில்லை; சத்துணவு விழுந்துவிட்டது. "ஏளா, அங்கன கொண்டுபோயா நிறுத்துன அவன? நான் வடிச்சுக் கட்டிக் குடுக்குத சோறு என்னாச்சு?" என்றாள். "நான் தின்னுட்டேன்ம்மா" என்று அழுகைக்கு நடுவில் சொன்னேன். அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "நான் பிள்ளையப் பட்டினி போட்டுட்டேன். ஊருக்குப் போயிருவோம்" என்றாள். அவள் வாயிலிருந்தே அது வந்ததும் எனக்கு எல்லாம் முடிந்துபோயிற்று.

அப்பா தம்பியின் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"தடக்காலத்துல வல கட்டிப் போட்டுக் கெடக்கும்போது கவருமெண்டு குடுக்கத வாங்கித்தான நாம உல வைக்கோம்? அன்னைக்கு அது எனக்கு எறங்கத்தான செஞ்சுது. இவனுக்கு மட்டும் முட்ட ஏன் எறங்கக் கூடாது? நீ பட்டினி போடல. அவனுக்கு நாக்கு பழகல, அவ்வளவுதான்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "லீவு முடிஞ்சு வந்ததும் அவன் டப்பாவ அவன் திங்கட்டும், முட்டையும் திங்கட்டும். நீ ஒன் டப்பாவ மட்டும் தின்னாப் போதும்."

லீவு முடிந்து வந்ததும் என்றார். நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தேன். அவளும் அதைக் கேட்டிருந்தாள்.

அந்த வீட்டில் ஏழு வருஷம் இருந்தோம். நான் பள்ளிப் படிப்பை முடித்து, இங்கேயே கல்லூரியிலும் படித்து, இப்போது பாளையங்கோட்டையில் ஒரு ஆபீசில் எழுத்தராக இருக்கிறேன். வீட்டுக்காரர் காலமாகிவிட்டார், வீடு இருந்த இடத்தில் மூன்று மாடிக் கட்டிடம் நிற்கிறது. பழைய சந்தை இல்லை. பொன்னம்மா அக்கா சாக்கு விரித்த இடம் எது என்று என்னால் காட்ட முடியவில்லை. தம்பி சென்னையில் வேலை பார்க்கிறான், ஆள் ஆறடி. கடலை விட்டுவிட்ட அப்பாவும் அம்மாவும் என்னோடு இருக்கிறார்கள். இந்த வீட்டில் எங்கள் அடுப்பில் என்ன ஏற்றினாலும் கேட்க ஆளில்லை.

போன மாதம் ஒரு மத்தியானம் சாளை மீன் குழம்பைப் பிசைந்து தின்றுகொண்டிருக்கும்போது, பேச்சுவாக்கில் அப்பாவிடம் கேட்டேன்: அந்த ஏழு வருஷமும் ஊரில் தனியாக இருந்தீர்களே, யார் சமைத்தார்கள்?

"யாரு சமைக்க? கரைக்கு வந்ததும் டீயும் பன்னும். ராத்திரி இருந்தா சோறு."

"மீனு?"

"மீனத் தின்னுட்டா ஒங்களுக்கு என்னத்த அனுப்ப? எல்லாத்தையும் ஏலத்துக்குத்தான் போடுவேன்" என்று, நேற்றைய கிரிக்கெட்டைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுக் குழம்பை வழித்து நக்கினார். அம்மா கையில் எடுத்த உருண்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். ஜெரோம் உடம்பை யோசித்தோம், என் படிப்பை யோசித்தோம், கீரையையும் முட்டையையும் பற்றி ஏழு வருஷம் பேசினோம். இந்த மனுஷன் என்ன தின்கிறார் என்று எங்கள் மூன்று பேரில் ஒருத்தர்கூட ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடக் கேட்டதில்லை.

மாதம் ஒரு தடவை வந்து அந்த மீன் ஏறாத அடுப்புக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, கூட்டாஞ்சோற்றை மூன்று முறை கேட்டு வாங்கித் தின்பார். அம்மாவின் மரக்கறிச் சமையல் அவருக்கும் பிடித்துப்போய்விட்டது என்றுதான் நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டோம்.